கமோடர் முகத்துவாரம் கடந்த விதம்

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. இதைச் சொன்னால் கலியாணசுந்தரத்துக்குக் கோபம் வரும். பட்டுக் கடை முதலாளியான அவர்தான் ஊரின் பாய்மரப் படகுக் கழகத்துக்குக் கமோடர். தலைவர் என்றே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே நான்கு சங்கங்களுக்குத் தலைவர். ஐந்தாவதுக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. பதவிக்கு ஒரு வெள்ளைத் தொப்பி. தொப்பியின் முன்புறம் ஜரிகையில் ஒரு நங்கூரம். அசல் ஜரிகை. கழகத்திடம் இருந்த ஒரே நங்கூரமும் அதுதான்.

கழகத்தின் கடல் தென்னேரி ஏரி. மழை நன்றாகப் பெய்தால் ஆறு மாதம் படகு ஓடும். மீதி ஆறு மாதம் லாட்ஜ் ஹாலில் கூட்டம் ஓடும். தென்னேரியில் அலை என்பது எருமைகள் இறங்கும்போது வருவது. அங்கே பாய்மரம் கற்றுக்கொள்வதில் ஒரு குறை உண்டு. ஏரியில் காற்று மட்டும்தான் நகரும், தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே ஏரியில் கற்றவன், காற்றைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, தண்ணீர் என்பது தரை மாதிரி என்று நம்பிவிடுவான். தரையே நடக்க ஆரம்பிக்கும் இடத்துக்கு அவனைக் கொண்டு போய் விடக் கூடாது.

கலியாணசுந்தரம் தன்னைத்தானே கொண்டு போய் விட்டுக்கொண்டார்.

காரணம் விளம்பரம். கல்யாண சீசனுக்காகக் கடையில் 'கடல் பட்டு' என்று ஒரு புதிய ரகம் வந்திருந்தது. நான்கு புடவைகளை ஒட்டித் தைத்து ஒரு பாய் செய்து, அதைக் கட்டிக்கொண்டு படகு ஆற்றிலிருந்து கடலுக்குள் போக வேண்டும், அதைப் படம் பிடித்துப் போட வேண்டும் என்பது அவருடைய யோசனை. அந்த வருட மழையில் பாலாற்றின் முகத்துவாரம் நன்றாகத் திறந்திருந்தது. பதினெட்டடி ஃபைபர் படகு, லாரியில் போகும். படகுக்கு ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அதைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டார். பட்டுப் பாய்க்குக் கீழே மோட்டார் தெரிந்தால் பார்க்கிறவர்கள் பாலியெஸ்டர் என்று நினைப்பார்களாம்.

படகில் போக நான்கு பேர். கமோடர். அவருடைய அக்கா மகன் ஆனந்தகுமார், கடையைப் பார்த்துக்கொள்பவன். முப்பது வயதுக்குள் "சரி மாமா" என்பதைத் தவிர வேறு பதிலை அவரிடம் அவன் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. கமோடரின் மகள் அகிலா; புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். நான்காவது, கிரேஸ். தாமல்காரப் பெண், ஏனாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். சென்னையில் படித்தபோது என்.சி.சி. கப்பற்படைப் பிரிவில் மூன்று வருடம் பாய்மரம் ஓட்டியவள். கழகத்தில் எல்லோருக்கும் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கழகத்தில் தொப்பி உள்ளவர்கள் ஒன்பது பேர். கிரேஸ் அந்த ஒன்பதில் இல்லை.

முகத்துவாரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டிய விஷயம்.

ஆறு சுமந்து வந்த மணலையும் கடல் தள்ளி வந்த மணலையும் இரண்டும் சேர்ந்து வாசலில் கொட்டி ஒரு மேடு கட்டுகின்றன. தண்ணீருக்கு அடியில் இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் வரும் அலை ஆபத்தில்லாதது. படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். அதே அலை மேட்டின்மேல் ஏறும்போது, அதன் அடிப்பாகம் மணலில் உரசி வேகம் குறைகிறது. மேல்பாகம் குறைவதில்லை. அலை குறுகி, உயர்ந்து, கடைசியில் தலைகுப்புற விழுகிறது.

இதுவே போதாதென்று இன்னொன்று இருக்கிறது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏறும்போது ஆற்றுக்குள் புகுந்த தண்ணீர் முழுவதும், வற்றும்போது அந்தக் குறுகலான வாசல் வழியாக வேகமாக வெளியே ஓடும். வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் நேருக்கு நேர் மோதும். கருட சேவையன்று கோபுர வாசலில் நின்றிருப்பவர்களுக்கு இது புரியும். உள்ளே போகிற கூட்டமும் வெளியே வருகிற கூட்டமும் வாசலில் சந்திக்கும்போது யாரும் முன்னே போக முடியாமல் எல்லோரும் மேல்நோக்கி எம்புவார்கள். அலையும் அப்படித்தான். சாதாரணமாக இடுப்பளவு வருகிற அலை, வற்றத்தின்போது ஆள் உயரத்துக்குச் சுவராக நிற்கும்; ஒரு சுவருக்கும் அடுத்ததற்கும் நடுவே படகின் நீளத்துக்குக்கூட இடம் இருக்காது.

ஆகவே முகத்துவாரத்தைக் கடப்பது என்பது பெரும்பாலும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. கிரேஸ் முந்தைய ஞாயிறே பைக்கில் போய் அந்த மணலில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். கமோடர் வீட்டு ஹாலில் விஷயத்தைச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு ஏத்தம் முழுசா இருக்கும் சார். தண்ணி உள்ளயும் போவாது, வெளியயும் வராது. கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். மேக்கேருந்து நிலக்காத்து தள்ளும். அப்போ போய்ட்டா அஞ்சு நிமிஷத்துல வெளிய."

"ஞாயிறு எனக்குச் சந்திராஷ்டமம்," என்றார் கலியாணசுந்தரம்.

"கடல ஏத்தி எறக்கறதும் அதே சந்திரன்தான் சார்."

"அது கடலுக்கு. நான் சொல்றது எனக்கு."

சந்திராஷ்டம நாளில் அவர் கடைக்கு நூல்கூட வாங்க மாட்டார். அடுத்து தோதான ஏற்றம் எப்போது என்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து என்றாள் கிரேஸ். இரண்டு வாரம் கழித்து விளம்பரம் வந்தால் முகூர்த்தப் புடவைகளை எல்லோரும் எதிர்க்கடையில் எடுத்து முடித்திருப்பார்கள். 

அவருடைய மனைவி காமாட்சியம்மாள் காபியை நீட்டியபடி சொன்னாள்: "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரோசன? வியாழக்கெழம பரஸ்தானம் வெச்சிடுங்க."

பரஸ்தானம் அருமையான ஏற்பாடு. நல்ல நேரத்தில் புறப்பட முடியவில்லை என்றால், நாம் போக வேண்டாம், நம் மூட்டையைப் புறப்பட வைத்தால் போதும். நல்ல நாளில் வேட்டி துண்டோடு ஒரு பையை, போகிற திசையில் யார் வீட்டிலாவது கொண்டு போய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு நம் வசதிப்படி கிளம்பி, வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். மூட்டைக்குச் சந்திராஷ்டமம் கிடையாது.

வியாழக்கிழமை காலை ஒரு வேட்டி, துண்டு, அந்த வெள்ளைத் தொப்பி மூன்றும் ஒரு மஞ்சள் பையில் போடப்பட்டு, கிழக்கே நான்கு வீடு தள்ளித் தில்லையம்மாள் வீட்டுக்குப் போயின. பஞ்சாங்கப்படி கலியாணசுந்தரம் கடலுக்குப் புறப்பட்டுவிட்டார். உடம்பு மட்டும் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தது.

கிரேஸுக்கு மகிழ்ச்சி. தண்ணீரின் நேரத்துக்கு இனித் தடையில்லை என்று நினைத்தாள். அவள் கணக்கில் ஒன்று விடுபட்டது. புறப்பட்டாகிவிட்டது என்று நம்புகிற மனிதரை யாராலும் புறப்படச் செய்ய முடியாது.

ஞாயிறு விடியும் முன்பே படகு லாரியில் போய்விட்டது. கார் கிளம்பவில்லை. தில்லையம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"பையில்லாம போனா இன்னாப்பா? வேற தொப்பி இருக்குது," என்றாள் அகிலா.

"பைதாம்மா போவுது. நாம அதுகூடப் போறோம்."

தில்லையம்மாள் எல்லாச் சன்னதியும் சுற்றி நிதானமாக வந்து கதவைத் திறந்தாள். வாலாஜாபாத் தாண்டும்போது கமோடருக்குப் பசித்தது. கிரேஸ் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டைம் போவுது சார்," என்றாள். "டைமு வியாழக்கெழமையே பாத்தாச்சும்மா," என்று அவர் இன்னொரு தோசை சொன்னார். கடற்கரைக்குப் போனதும் கேமராக்கார விஷாலின் டிரோனுக்கு சார்ஜ் இல்லை என்று தெரிந்தது. கார் பேட்டரியில் அதை ஏற்றினார்கள். பாயில் ஒரு சுருக்கம் இருந்தது. அதை ஆனந்தகுமார் நீவினான்.

எல்லாம் தயாரானபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. வற்றம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் மிதந்த ஒரு வாழைமட்டை, யாரோ துரத்துவதுபோல் கடலை நோக்கிப் போனது. வாசலில் வெள்ளையாக ஏதோ எழும்பி எழும்பி விழுந்தது. தூரத்தில் எங்கோ இருந்த புயல் சின்னத்தின் அலைகள் அந்தக் காலையில்தான் வந்து சேர்ந்திருந்தன.

குப்பத்துப் படகுகள் அத்தனையும் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன.

"ஒரு படகுகூடப் போவல பாத்தீங்களா சார்?" என்றாள் கிரேஸ்.

"ஞாயித்துக்கெழம இல்ல? சர்ச்சுக்குப் போயிருப்பாங்க."

"இந்தக் குப்பத்துல சர்ச்சே கெடையாது சார். சர்ச்சுக்குப் போறவ நான் ஒருத்திதான் இங்க இருக்கறேன், நானே போவல."

கலியாணசுந்தரம் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கிரேஸ் வற்புறுத்தியதால் மாட்டினார். விளம்பரத்தில் தெரியக் கூடாது என்பதால் பட்டுச் சட்டைக்கு உள்ளே மாட்டினார். திடீரென்று எட்டு மாதக் கர்ப்பிணிபோல் ஆகிவிட்டார்.

"நான் வரல சார்," என்றாள் கிரேஸ். "சாயந்தரம் ஏத்தம் வரும். அது வரைக்கும் வெயிட் பண்ணலாம்."

"வெளிச்சம் போய்டும்மா. நீ வரலன்னா பரவால்ல. சுக்கான நான் புடிக்கறேன். தென்னேரியில எத்தினி வாட்டி புடிச்சிருக்கறேன்?"

அவர் படகில் ஏறினார். "மாமா..." என்று தொடங்கிய ஆனந்தகுமார், "சரி மாமா," என்று முடித்து ஏறினான். அகிலா அப்பாவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் ஏறினாள். அவரைத் தனியாக விட அவளால் முடியாது.

புளியோதரைத் தூக்கோடு காரருகே நின்றிருந்த காமாட்சியம்மாள் கிரேஸின் கையைப் பிடித்தாள். "எனக்கு இந்தத் தண்ணி கிண்ணி ஒண்ணும் தெரியாது. உன் மூஞ்சியப் பாத்தா தெரியுது. அவரு கேக்க மாட்டாரு. அவரு போனா இவ போவா. ரெண்டு பேரையும் திருப்பிக் கொண்டாந்து எங்கிட்ட வுட்டுடு கிரேஸு."

கிரேஸ் கடலைப் பார்த்தாள். ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, தண்ணீரில் ஓடிப் படகின் விளிம்பைப் பிடித்து ஏறினாள்.

முதல் சில நிமிடங்கள் கமோடருக்கு மிகவும் பிடித்திருந்தன. படகு வேகமாகப் போனது. மேலே டிரோன் பறந்தது. அரக்கு நிறப் பாய் வெயிலில் மின்னியது. அவர் சுக்கான் பிடியில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படகை ஓட்டியது அவர் இல்லை. நிலக்காற்று எப்போதோ செத்துவிட்டது. பாய் கொடியில் காயும் புடவை மாதிரித் தொங்கியது. படகை இழுத்துக்கொண்டு போனது ஓடுகிற தண்ணீர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுக்கான் என்பது தண்ணீரைத் தள்ளித் திருப்புகிற பலகை. தண்ணீரைவிடப் படகு வேகமாகப் போனால்தான் பலகையின்மேல் தண்ணீர் உரசும், படகு திரும்பும். தண்ணீரின் வேகத்திலேயே படகும் மிதந்து போனால் பலகைக்கு வேலையே இல்லை. கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு பறக்கும். பிடித்திருப்பவர் கையில் இருப்பது வெறும் கட்டை.

கிரேஸ் இரண்டு துடுப்புகளை எடுத்து அகிலாவிடம் ஒன்றும் ஆனந்தகுமாரிடம் ஒன்றும் திணித்தாள். "போடுங்க. நிறுத்தாம போடுங்க. படகு தண்ணிய முந்தணும்."

"துடுப்பு வெளம்பரத்துல தெரியும்மா!" என்றார் கமோடர்.

அப்போது முதல் அலை வந்தது.

வாசலில் அலையை எதிர்கொள்ள ஒரு விதிதான் உண்டு: நேராக. மூக்கை அலைக்கு நேரே காட்டினால் படகு ஏறி இறங்கும். பக்கவாட்டைக் காட்டினால் அலை அதை உருட்டிவிடும். இரண்டாவது விதி முதல் விதியிலிருந்தே வருகிறது: நடுவில் திரும்பாதே. திரும்புகிற படகு, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பினாலும், இடையில் ஒரு கணம் பக்கவாட்டாக நின்றே ஆக வேண்டும்.

படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பிறகு விழுந்தது. மாடியிலிருந்து விழுகிற பீரோ மாதிரி ஒரு சத்தம். முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. அடுத்த சுவர் எழும்புவதைக் கமோடர் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் தெளிவாகிவிட்டது.

"திரும்பலாம்!" என்று எழுந்து நின்றார். "ஆனந்தா, திரும்பலாம்!"

"சரி மா..."

"துடுப்ப நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள் கிரேஸ். "சார், உக்காருங்க! திரும்புனா செத்தோம்!"

கமோடர் சுக்கானை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளினார். துடுப்பு போட்டதில் படகுக்குக் கொஞ்சம் வேகம் வந்திருந்தது. ஆகவே சுக்கான் துரதிர்ஷ்டவசமாக வேலை செய்தது. மூக்கு விலகியது. இரண்டாவது அலை படகின் தோளில் அறைந்தது. நின்றிருந்தவர் உட்காரவில்லை, படுத்தார். படகுக்குள்ளேயே, தண்ணீரில், மல்லாக்க. மிதவைச் சட்டை அங்கேயும் தன் வேலையைச் செய்தது. உள்ளே நின்ற தண்ணீரில் அவர் மிதந்தார்.

கிரேஸ் தாவிச் சுக்கானைப் பிடித்தாள். "அகிலா, உன் பக்கம் மட்டும் போடு! இன்னும்! இன்னும்டீ!"

அகிலா பல்லைக் கடித்துத் துடுப்பை இழுத்தாள். மூக்கு மெதுவாக, மிக மெதுவாக, நேரே வந்தது. மூன்றாவது அலை வந்தபோது படகு அதற்கு முகத்தைக் காட்டியது. ஏறியது. உச்சியில் ஒரு கணம் நான்கு பேருக்கும் எல்லாம் தெரிந்தது: பின்னால் கரையில் பொம்மை அளவில் ஒரு கார், முன்னால் நீலமாக, ஒழுங்காக, விரிந்த கடல். பிறகு விழுந்தது. இன்னும் இரண்டு. அதன்பின் அலைகள் அகலமாகி, படகைத் தூக்கித் தாலாட்டி இறக்கின. மேடு பின்னால் போயிருந்தது.

ஆனந்தகுமார் ஓரத்தில் சாய்ந்து வாலாஜாபாத் தோசையைக் கடலுக்குக் கொடுத்தான். அகிலா உள்ளே நின்ற தண்ணீரை வாளியால் இறைத்தாள். கமோடர் தவழ்ந்து எழுந்து பலகையில் உட்கார்ந்தார். தொப்பியைத் தேடி எடுத்துப் பிழிந்து போட்டுக்கொண்டார்.

"தாண்டிட்டோம்," என்றார். பன்மையில். "சரி. திரும்பிப் போவலாம்."

"இப்போ முடியாது சார்."

"வந்த வழிதானேம்மா?"

வந்த வழிதான். ஆனால் போகும்போது முன்னால் தெரிந்த அலை, திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் வரும். அது பின்புறத்தைத் தூக்கும். படகு சறுக்கு மரத்தில் விட்டதுபோல் கீழே பாயும். மூக்கு கீழே நிற்கிற தண்ணீரில் குத்தி நிற்கும், பின்புறம் நிற்காது. சுழன்று முன்னால் வரப் பார்க்கும். கண் சிமிட்டுவதற்குள் படகு பக்கவாட்டில், அடுத்த அலை மேலே. வெளியே போகிறவனைவிட உள்ளே வருகிறவனைத்தான் முகத்துவாரம் அதிகம் சாப்பிடுகிறது. கிரேஸ் இதைச் சுருக்கமாகச் சொன்னாள். தண்ணீர் உள்ளே ஓட ஆரம்பித்து, மேட்டின்மேல் ஆழம் கூடி, தென்கிழக்கிலிருந்து கடற்காற்றும் வந்த பிறகுதான் போக வேண்டும் என்றாள்.

"எத்தினி மணிக்கு?"

"மூணுக்கு மேல ஆவும் சார்."

"மூணா! அது வரைக்கும் இங்கயே ஆடிக்கினு இருக்கறதா? நங்கூரமாவது போடு."

கிரேஸ் அவர் தொப்பியைப் பார்த்தாள். அவரும் புரிந்துகொண்டு அதைக் கழற்றி மடியில் வைத்தார்.

பதினைந்து நிமிடம் பொறுத்தார். குமட்டல் கூடியது. கரையில் காமாட்சியம்மாள் கையை ஆட்டுவது தெரிந்தது. புளியோதரை அங்கே இருந்தது. "நான் கமோடர் சொல்றேன். படகு என்னுது. திருப்பு," என்றார்.

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் அகிலா.

"நீ பேசாத. அந்தச் சுக்கானக் குடும்மா இங்க." கை நீட்டி எழுந்தார். இந்தச் சின்னப் படகில் இரண்டு பேர் சுக்கானுக்கு இழுபறி செய்தால் முகத்துவாரம் தேவையே இல்லை, இங்கேயே கவிழலாம். கிரேஸுக்கு அது தெரியும். அதனால் அவள் இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. அவர் ஆனந்தகுமாரைப் பார்த்தார். "டேய் ஆனந்தா, துடுப்ப எடுடா. போவலாம்."

ஆனந்தகுமார் வாயைத் துடைத்தான். மாமாவைப் பார்த்தான். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த வாசலைப் பார்த்தான். அவன் உதடுகள் 'ச' என்று குவியத் தொடங்கின.

"கயிறு சிக்கிக்கிச்சு மாமா," என்றான்.

"இன்னாது?"

"கரையில கட்ற கயிறு. பாருங்க."

படகுக்குள் கிடந்த அறுபதடி நைலான் கயிற்றை அவன் அள்ளி எடுத்துக் காட்டினான். அலைகளில் கொஞ்சம் குழம்பியிருந்தது உண்மை. அவன் குனிந்து அள்ளியபோது இன்னும் நிறையக் குழம்பிவிட்டது என்பதும் உண்மை.

பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்கள் சிக்கு விழுந்த நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். முடியாது. தறியில் ஏறும் முன் பாவு இழைகள் ஆயிரக்கணக்கில் நீண்டு கிடக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் இழுக்கக் கூடாது, இழுத்தால் அறுந்துவிடும். முனையைத் தேடி, தளர்த்தி, நுழைத்து, வெளியே எடுத்து, மறுபடி தேட வேண்டும். சின்ன வயதிலிருந்து கைக்கு ஏறிய பழக்கம் அது. கடை முதலாளியான பிறகு கலியாணசுந்தரம் தறியைத் தொட்டதில்லை. ஆனால் கல்யாண வீட்டில் பூச்சரம் சிக்கியிருந்தால்கூட அவர்தான் வாங்கி உட்காருவார்.

"இழுக்காதடா! குட்றா இங்க," என்றார்.

மடியில் வாங்கிக்கொண்டார். முனையைத் தேடினார். குமட்டல், வெயில், கமோடர் பதவி, எல்லாவற்றையும் மறந்தார். கண் அந்த முடிச்சுகளை விட்டு நகரவில்லை.

எப்போதெல்லாம் பாதி நேராகிறதோ அப்போதெல்லாம் ஆனந்தகுமார், "இங்க வெக்கறேன் மாமா," என்று நேரான பாதியை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்தான். முதுகுக்குப் பின்னால் அவன் கைகள் வேறு வேலை செய்தன. சிறிது நேரத்தில் இன்னொரு முனை முன்பக்கம் வந்து, "இந்தப் பக்கமும் சிக்கு மாமா," என்றது. அகிலா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"யார்ரா இப்டிச் சுத்துனது? மூளையே இல்ல," என்றார் கமோடர்.

"சரி மாமா."

வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. கிரேஸ் பாயைச் சிறியதாக்கி, படகு ஓரிடத்தைச் சுற்றியே ஊருமாறு வைத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அலைகள் கூட்டமாக வரும். பெரியதாக ஐந்தாறு, பிறகு சிறியதாகச் சில, பிறகு மீண்டும் பெரியவை. சின்னவற்றின் காலத்தைப் பிடிக்க வேண்டும். தென்கிழக்குக் காற்று வந்து பாயை நிரப்பியபோது, மிதந்து போன ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கரையை நோக்கிப் போவதைக் கண்டாள். தண்ணீர் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகும் அவள் நெடுநேரம் காத்திருந்தாள்.

"ஆனந்த் சார்," என்றாள் கடைசியில், "இப்போ அந்தக் கயிறு நெஜமாவே நேரா வேணும்."

அது வேடிக்கைக்காக இல்லை. நீளமான கயிற்றைப் பின்னால் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனால் அது படகின் பின்புறத்தைப் பிடித்து வைக்கும். அலை தூக்கினாலும் பின்புறம் சுழன்று முன்னே வராது. ஓடுகிற பிள்ளையைப் பாவாடை நாடாவைப் பிடித்து நிறுத்துவது மாதிரி. ஆனால் சிக்கு விழுந்த கயிறு அறுபதடி போகாது, ஆறடி போகும்.

ஆனந்தகுமார் முதுகுக்குப் பின்னால் இருந்ததை முன்னே எடுத்து வைத்தான். நான்கு மணி நேரச் சேட்டையில் அதை அவனாலேயே இப்போது பிரிக்க முடியாது.

கலியாணசுந்தரம் அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். புரிந்துகொண்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. "தள்ளு," என்றார். விரல்கள் உள்ளே போயின. ஒரு வளையம் தளர்ந்தது. அதன் வழியாக இன்னொன்று. பாவுக்காரனின் விரல்கள், இத்தனை வருடம் ரூபாய் நோட்டை மட்டும் தொட்டவை, யாரையும் கேட்காமல் வேலை செய்தன. கயிறு வளையம் வளையமாகப் பலகையில் படிந்தது. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும், "ம்," என்றார்.

பெரிய அலைக் கூட்டம் தாண்டிப் போனதும் கிரேஸ் பாயை விரித்தாள். "முனையப் படகோட கட்டிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க சார். நான் சொல்றப்போ இறுக்கிப் பிடிங்க."

கடைசியாகப் போன அலையின் முதுகில் படகு ஏறிக்கொண்டது. இதுதான் வழி: அலையின் முதுகில், அதே வேகத்தில். முந்தினால் அதன் முகத்தில் விழுவோம். பிந்தினால் அடுத்தது வந்து நம்மேல் விழும். மேட்டின்மேல் வந்ததும் பின்னால் ஒன்று எழும்பியது. "பிடிங்க சார்!" அவர் பிடித்தார். பின்புறம் உயர்ந்தது, ஆடியது, சுழலப் பார்த்தது. கயிறு வீணைத் தந்திபோல் விறைத்தது. சுழலவில்லை.

அந்த இழுவையில் மேலே டர்ரென்று ஒரு சத்தம். பட்டுப் பாய் மேலிருந்து கீழாகக் கிழிந்தது. பட்டு நனைந்தால் பலம் குறையும். நாள் முழுவதும் உப்புத் தண்ணீர் குடித்திருந்தது அது. ஆனால் காஞ்சிபுரத்தில் புடவையின் உடலையும் கரையையும் நூல் சுமக்கும் தனித்தனி நாடாக்கட்டைகளில் ஓட்டி, இழையோடு இழை கொக்கி போட்டு நெய்வார்கள். கோர்வை என்று பெயர். உடல் நான்காகக் கிழிந்து பறந்தது. கரைகள் மட்டும் பிரியாமல் தொங்கின.

"பாத்தியா! கரை பிரியல! பாத்தியாடா ஆனந்தா, கரை பிரியல!" என்று மரண வாசலில் கமோடர் ஆனந்தக் கூச்சலிட்டார்.

"கயித்த விடாதீங்கப்பா!" என்று அலறினாள் அகிலா.

அவர் விடவில்லை. இருந்த வேகத்திலும் உள்ளே ஓடிய தண்ணீரிலும் படகு மேட்டைத் தாண்டி, ஆற்றுக்குள் நழுவி, கொஞ்ச தூரம் தானாகப் போய், மணலில் மூக்கை வைத்தது.

காமாட்சியம்மாள் புடவை முழங்காலுக்கு நனைய ஓடி வந்தாள். முதலில் அகிலாவைத் தொட்டாள், தலை, தோள், கை. பிறகு கணவரைப் பார்த்தாள். கயிறு உரசி அவர் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. குப்பத்து ஆட்கள் சிலர் மணலில் நின்று அமைதியாகக் கிழிந்த பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷால் கேமராவோடு தண்ணீரில் இறங்கி அருகே வந்தான்.

"யாரு கொண்டாந்தது?" என்று காமாட்சியம்மாள் கேட்டாள்.

அகிலா கிரேஸைக் காட்டினாள். கிரேஸ் படகின் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரில் கிடந்த கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆனந்தகுமாரும் கையை நீட்டிக் காட்டினான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் காட்டினான்.

கலியாணசுந்தரம் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"நான்தான் ஓட்டச் சொன்னேன்," என்றார்.

"எப்போ சொன்னீங்க?"

அவர் மகளைப் பார்த்தார், அவள் உதவவில்லை. கடலைப் பார்த்தார்.

"விஷாலு," என்றார், "அந்தக் கேமராவ நிறுத்துப்பா."